பருத்தி மண்டி ஏரோப்ளேன்

“இடது இறக்கை பின்னால போயிருக்கு. பிரி.”

மண்டி முதலாளி காசிராஜன் இருளப்பசாமியைப் பிரிக்கச் சொல்வது இது மூன்றாவது தடவை. மூங்கில் சிம்பும் பட்டத்தாளும் கொண்டு அவன் ஒட்டிய ஒன்றரை முழ ஏரோப்ளேன், அருப்புக்கோட்டைப் பருத்தி மண்டியின் மேசைமேல் நின்றது. இந்த மாதிரி அவருக்குப் பிடித்துப்போனால்தான் பெரியதைச் செய்யும் வேலை கிடைக்கும். அதற்காகத் திருச்சுழியிலிருந்து நடந்தே வந்திருந்தான்.

யுத்த விமானங்கள் ஊருக்கு மேலே பறந்துகொண்டிருந்த வருஷம் அது. அண்ணாந்து பார்த்த நாள் முதல் காசிராஜன் வேறெந்த உருவத்துக்கும் இணங்கவில்லை.

“அசல் ஏரோப்ளேன் ஓட்டுறவனே இம்புட்டுப் பாக்க மாட்டான், மொதலாளி.”

“அவன் மேகத்துக்குள்ள போறவன், எவன் பாக்கப்போறான்? இது கடைத்தெருவுல போறது, லே. எம் மச்சினன் தனுஷ்கோடி மயில் வச்ச தேருல போனான். ஊரே நின்னு பாத்துச்சு. எங்க வீட்டு ஏரோப்ளேன் நொண்டிக்கிட்டுப் போனா, காரியாபட்டி வரைக்கும் சிரிப்பாய்ங்க.”

இருளப்பசாமி வால் நுனியில் நூலைக் கட்டி, இரண்டு இறக்கை முனைக்கும் இழுத்துப் பார்த்தான். இடப்பக்கம் விரற்கடை குறைந்தது. கட்டை அவிழ்த்து இறக்கையை முன்னே தள்ளினான். நூல் இருபுறமும் ஒத்தது.

பிறகு ஏரோப்ளேனுக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். இறக்கைகள் மட்டமாக இருந்தன. வால்தான் குடித்தவன் தலைப்பாகைபோலச் சாய்ந்திருந்தது. அடியில் ஒரு சிம்பைச் செருகி நிமிர்த்தினான்.

காசிராஜனும் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ம். இப்பத்தான் எங்க குடும்பத்துக்கு ஏத்த மாதிரி இருக்கு. பெரிசையும் நீயே செய்.”

அவர் பேத்தி சண்முகவடிவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று இருளப்பசாமி கேள்விப்பட்டிருந்தான்.

“பொண்ணு மாப்பிள்ளைக்கு மெத்தை வச்ச நாற்காலி ரெண்டு போட்டுறவா, மொதலாளி?”

“நாற்காலியே வேண்டாம்.”

“நின்னுக்கிட்டா வருவாக? தெரு முக்குல திருப்புறப்போ விழுந்துருவாகளே!”

“யாரும் விழ மாட்டாக. நீ அளவை எடு.”

“எதை வச்சு அளக்க?”

காசிராஜன் தோள்துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். மீசையை இருபுறமும் நீவிவிட்டார். மண்டித் தரையில் மல்லாந்து படுத்து, கால்களைச் சேர்த்து, கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டார்.

“நல்லா அளந்துக்கோலே. எம் பாடையில என் காலு வெளிய நீட்டிக்கிட்டுப் போகக் கூடாது.”