மக்கீனின் வோர்ம் அப்

“இன்னொரு சுத்து மெல்ல ஓடுவம்,” என்றான் மக்கீன்.

மர்சூக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமான வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்காக, பின்னேர அசர் தொழுகை முடித்து மருதமுனைக் கடற்கரை மைதானத்துக்கு வந்தவர்கள் இன்னும் பந்தைத் தொடவில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் ஆட்டம் முடிந்தது. சின்ன வயதிலிருந்தே இவர்களுக்கு அதுதான் சட்டம்.

“மச்சான், நாளைக்கு எனக்கு கட்டாருக்கு பிளைட். வந்த நாள்ல இருந்து இந்த ஒரு மெட்ச்சுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கன்.”

“அம்பது வயசில உடம்பு சூடேறாம ஓடினா தொடை பிடிச்சிரும். நொண்டி நொண்டித்தான் பிளேன் ஏறுவாய். கணுக்காலைச் சுத்துடா.”

சுற்றினான். வேறென்ன செய்வது, மக்கீன்தான் கப்டன். பள்ளிக்கூட நாளிலும் அவன்தான் கப்டன். ஆனால் அப்போது இந்தக் கூத்தெல்லாம் ஏது? சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வாப்பா கூப்பிடுவது காதில் விழாத மாதிரி வீட்டிலிருந்து ஒரே ஓட்டம். வந்த வேகத்திலேயே பந்தை உதைப்பார்கள். கடலுக்குள் போன பந்தைக் கூட்டாளி குணம் நீந்திப்போய் எடுத்து வருவான். நனைந்து கனத்த அந்தப் பந்துக்குத் தலை கொடுத்தால் மண்டை விறைக்கும்.

பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து குணம் இன்றும் வந்திருந்தான். அன்றைக்கும் இன்றைக்கும் அவன்தான் கோல்கீப்பர். கையுறையும் ஜேர்சியும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தபடி முன்னால் ஓடினான். மக்கீன் பந்தை மெதுவாக உருட்ட, குணம் பிடித்துப் பிடித்துத் திருப்பி எறிந்தான். அதுவும் வோர்ம் அப்தானாம்.

ஒருவழியாக ஆட்டம் தொடங்கியபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது.

“குணம், நீ ரெண்டாம் பாதிக்கு இறங்கு,” என்றான் மக்கீன். குணம் தலையாட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

இரண்டாம் பாதி வரவேயில்லை. மர்சூக் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிய நேரம் பாங்கு கேட்டது.

“உண்ட விசர் வோர்ம் அப்பால எண்ட மெட்ச்சும் போச்சு,” மர்சூக் சீறினான். “பாவம், குணம் உடுத்துக்கிட்டு வந்து சும்மா குந்திட்டுப் போறான். கப்டனாம் கப்டன்.”

மக்கீன் மற்றவர்களோடு பள்ளிவாசலுக்கு நடந்தான்.

குணம் மர்சூக்கின் தோளில் கை போட்டான்.

“அவனை ஏசாத மச்சான். போன வருஷம் எனக்கு நெஞ்சில ஒப்பரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவனும் அவன்தான். மெல்ல ஓடலாம், மெட்ச் மட்டும் கூடாதெண்டு டொக்டர் அவனிட்டச் சொன்னவர். அதுக்குப் பிறகுதான், நானும் விளையாடின மாதிரி இருக்கட்டுமெண்டு, வோர்ம் அப் இவ்வளவு நீண்டது.”

மர்சூக் அவன் பக்கம் திரும்பினான். “அப்ப ரெண்டாம் பாதி?”

“ஒரு வெள்ளியும் வராது. டொக்டர் எனக்கும் சொன்னது அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லிராத.”

பிறகு குணம் திரும்பி, தூரத்தில் போய்க்கொண்டிருந்த மக்கீனுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

“டேய் மக்கீன், இண்டைக்கும் என்னை ஏமாத்திட்டாய். அடுத்த வெள்ளி இறக்கல்லியெண்டா நான் வரமாட்டன், சொல்லிட்டன்.”