ஆக்சிஜன் செக்

"இந்தப் பார்சிப்பனி ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் மறை கழலாத ஒரே ஆள் நான்தான், அஞ்சு" என்றான் திருமூர்த்தி.

சிரிக்கவில்லை. கம்பெனி ஆண்டறிக்கை வாசிக்கிற தோரணையில், தோசைக்கல்லைப் பார்த்தபடி சொன்னான். ஸ்பீக்கரில் இருந்த போன் புளி டப்பாமேல் சாய்ந்திருந்தது.

"ஆமாமா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது மனைவி அஞ்சனாவின் குரல்.

"கிண்டலா? நீயே கேளு." தோசைத்திருப்பியால் சுவரைக் காட்டினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வால்டர் கிழவர் ஆரம்பித்திருந்தார். "டெயில் கன்னர்?" கொஞ்சம் அமைதி. "பால் டரட்?" மறுபடி அமைதி. தினமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. அந்த வீட்டில் அவரைத் தவிர ஒரு பூனைகூடக் கிடையாது.

"ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போடற பாம்பர் பிளேன்ல போனவராம். சரி, ரொம்ப தேங்க்ஸ். அதுக்காக இல்லாத ஆளுங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பாரா? எவனாவது 'பிரசன்ட் சார்'னு சொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு. நேத்து ஆன்லைன் மீட்டிங்ல மேனேஜர் கேக்கறான், யாருப்பா அந்த டெயில் கன்னர், நம்ம டீம்ல புதுசான்னு."

ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போனை ஒரு தட்டுத் தட்டினான்.

"பாவம்ப்பா, விட்டுடேன்."

"முடியாது. அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸ்ல அவர்மேல ஏற்கெனவே ரெண்டு கம்ப்ளைன்ட் இருக்காம். மூணாவது வந்தா லீஸ் ரின்யூ பண்ண மாட்டாங்க. அவரோட பொண்ணு டாலஸ்ல ஒரு ஓல்ட் ஏஜ் ஹோம்ல ரூம் பிடிச்சு வெச்சிட்டுக் காத்திருக்கா. நான் ஒரு சப்மிட் அடிச்சா ஊருக்கே நல்லது. லாஸ்ட் நேம் ஸ்பெல்லிங்தான் தெரியல. அவரையே கேட்டுட்டு வந்துடறேன்."

"ஸ்வெட்டர் போட்டுக்கோ. வெளிய குளிரும்."

"பக்கத்துக் கதவுக்குப் போக ஸ்வெட்டரா?" என்று அலுத்துக்கொண்டாலும் போட்டுக்கொண்டுதான் போனான்.

புகாருக்கு ஆளானவரிடமே போய் எழுத்துக்கூட்டச் சொல்வதில் திருமூர்த்திக்குக் கூச்சம் எதுவும் இல்லை. புகாரில் பிழை இருக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

தொண்ணூற்றைந்தைத் தாண்டிய வால்டர், கதவைத் திறந்ததும் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்க்ஷிப்பின்ஸ்கி என்ற தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, சந்தோஷமாகச் சொன்னார். உயிரெழுத்துக்கு ரேஷன் இருந்த காலத்தில் வைத்த பெயர் போலிருந்தது. எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. யாரோ வந்து பெயரைக் கேட்டதே போதுமாக இருந்தது.

திடீரென்று கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். நேரமாச்சு."

டெயில் கன்னர், பால் டரட் என்று விமானத்தில் அவரவர் இடத்தைச் சொல்லி ஒன்பது பேரைக் கூப்பிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார்.

"எதுக்கு சார் இது?"

"ஆக்சிஜன் செக். நான் கோ-பைலட். இருபத்தையாயிரம் அடி உயரம், மைனஸ் நாற்பது டிகிரி குளிர். விடற மூச்சே மாஸ்க் குழாயில உறைஞ்சு அடைச்சுக்கும். அடைச்சது அந்த ஆளுக்கே தெரியாது, அப்படியே தூங்கிப் போயிடுவான். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் இன்டர்காம்ல கூப்பிடணும். பதில் வரலேன்னா யாராவது அவன்கிட்ட ஓடணும்."

"ஓ."

"ஒரு நாள் குண்டு போட்டுட்டுத் திரும்பறோம். கீழே எத்தனை பேர் செத்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, யாரும் கேக்கவும் இல்லை. நாம தப்பிச்சோம்கிற சந்தோஷத்துல நான் ஒரு ரவுண்டு கூப்பிடாம விட்டுட்டேன். அடுத்த ரவுண்டுல, விமானத்தோட வால்ல உட்கார்ந்து சுடற டெயில் கன்னர்கிட்டேர்ந்து பதில் வரல. பத்தொன்பது வயசு அவனுக்கு."

திருமூர்த்தி ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அறையில் ஹீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மத்தவங்கல்லாம்?"

"வயசாகி ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. ரேடியோ ஆபரேட்டர்தான் கடைசி. போன வருஷம் ஃப்ளோரிடாவுல."

"அப்போ பதில் சொல்ல யாருமே இல்லையே சார்."

"பதில் சொல்றது அவங்க வேலை" என்றார் வால்டர். "கூப்பிடறது என் வேலை. டாலஸ்ல காலையிலேயே மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சுடுவாங்களாம். ரவுண்டு விட்டுப்போயிடும். அது ஒண்ணுதான் பயம்."

"வரேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திருமூர்த்தி வந்தான்.

லேப்டாப்பில் புகார்ப் படிவம் திறந்தே இருந்தது. வால்டர் என்ற பெயருக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் பக்கத்தை மூடினான். எழுதியதைச் சேமிக்கட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினான்.

சமையலறைக்கு வந்து போனிடம் சொன்னான்.

"அனுப்பல, அஞ்சு."

போன் சும்மா இருந்தது. திருமூர்த்தி வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், மூன்று வருஷத்துக்கு முன்னால் அஞ்சனா உயிரோடு இருந்தபோது அனுப்பிய நாற்பத்தோரு வாய்ஸ் நோட்டுகளில், இதற்குப் பொருந்துகிற பதில் எது என்று தேட ஆரம்பித்தான்.