விரல் அகல ஓட்டை

பூட்டைப் பார்த்தாலே வகுப்பு லீடருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நர்ஸிங் இரண்டாம் வருஷத்தில் நாற்பது பெண்கள். அதில் ஒருத்திக்குத்தான் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் டேப்லெட்டை யாருக்கும் தர மாட்டாள். வகுப்பு முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஸ்டைலஸ் பேனாவால் எழுதுவாள், படம் போடுவாள். யாராவது எட்டிப் பார்த்தால் போதும், டப்பென்று உறையை மூடிவிடுவாள்.

"ரெண்டு நிமிஷம் குடுடி. அந்தக் கிட்னி படத்தை மட்டும் பாத்துட்டுத் தரேன்."

"இல்லைப்பா. தர முடியாது."

"கடிச்சா தின்னுடப் போறேன்?"

"முடியாதுன்னா விடேன்!"

லீடர் அப்படியா? வகுப்பே அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. காரணம், நோட்ஸ். தினம் சாயங்காலம் வகுப்பின் பொது ஃபோல்டரில் அன்றைய பாடம் வந்து விழும். கையால் எழுதி, கலர் கலராகப் படம் போட்டு. எலும்போ நரம்போ, பார்த்தவுடன் மண்டையில் ஏறும். ஃபெயிலாக வேண்டிய ஏழெட்டுப் பேர் அதைப் படித்துத்தான் கரையேறினார்கள்.

போட்டது யாரென்று பெயர் கிடையாது. ஆனால் டேப்லெட்டில் பேனா பிடித்து எழுதுகிறவர்கள் வகுப்பில் இரண்டே பேர். அதில் பூட்டு இந்த மாதிரி நல்ல காரியமெல்லாம் செய்ய மாட்டாள். அப்புறம் மிச்சம் யார்? எல்லோரும் லீடர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

'நான்தான்னு நான் என்னைக்காவது சொன்னேனா?' என்று லீடர் அவ்வப்போது மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வாள். நான் இல்லை என்றும் சொன்னதில்லையே என்பதை மட்டும், மனசாட்சி காதில் விழாதபடி, மெதுவாக நினைத்துக்கொள்வாள்.

அந்த நோட்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் ஒரு விரல் அகலத்துக்குக் காலியாக இருக்கும். படத்தின் கோடுகூட அங்கே வந்ததும் அறுந்து, தாண்டிப்போய்த் தொடரும்.

"அது என்ன லீடர், நடுவுல ஓட்டை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லாத்தையும் நானே ஊட்டிவிட முடியுமா? அந்த இடத்தை நீங்களா யோசிச்சு நிரப்பணும்."

எப்படியோ வாயில் வந்துவிட்டது. கேட்டவளுக்குப் புல்லரித்துப் போனது.

வருஷக் கடைசியில்தான் வந்தது வினை. உடற்கூறு மேடம் கையில் ஒரு கேடயத்தோடு உள்ளே வந்தார்.

"இந்த வருஷம் சிறந்த மாணவி, நம்ம நோட்ஸ் ராணி! வா லீடர். வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் கையால ஒரு இதயம் வரைஞ்சு காட்டு. பெரிய திரையில எல்லாரும் பாக்கட்டும்."

லீடருக்கு வட்டம் போட்டாலே கோணலாகத்தான் வரும்.

"மேடம்... என் பேனாவுல சார்ஜ் இல்லை."

"அவ்வளவுதானே? ஏம்மா, உன் டேப்லெட்டைக் குடு" என்று மேடம் முன்வரிசையில் இருந்த பூட்டிடம் கையை நீட்டினார்.

பூட்டு டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேணாம் மேடம்."

"என்னது?"

"தர முடியாது மேடம். ப்ளீஸ்."

வகுப்பு கொதித்தது. "சரியான கஞ்சப் பிசினாறி!" "ஒருநாள் குடுத்தா தேஞ்சா போயிடும்?"

லீடர் மட்டும் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டை மனசார வாழ்த்தினாள். 'குடுக்காதேடி... என் தங்கமே, குடுத்துடாதேடி!'

மேடம் முறைத்த முறைப்பில் பூட்டு எழுந்து கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது லீடரைப் பாவமாக ஒரு பார்வை பார்த்தாள்.

லீடர் வரைந்தாள். திரையில் ஒரு உருளைக்கிழங்கு உருவாகி, அதற்கு இரண்டு குழாய் முளைத்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய ரத்தக்குழாயை வளைத்து வலது மேல் மூலைக்குக் கொண்டுபோனாள்.

கோடு பட்டென்று அறுந்தது. விரல் அகலம் தாண்டி மறுபடி வந்தது. அழித்துவிட்டு அழுத்திப் போட்டாள். திரும்பவும் அதே இடத்தில் காலி.

"ஹே! அதே ஓட்டை! லீடர்னா லீடர்தான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. லீடருக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் கூசியது. மெல்லத் திரும்பிப் பூட்டைப் பார்த்தாள்.

பூட்டும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மேடம் கேடயத்தை நீட்டினார். லீடர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது என் நோட்ஸ் இல்லை மேடம். ஒரு வரிகூட நான் எழுதலை. எல்லாம் இவ எழுதினது. இந்த டேப்லெட்டுல அந்த இடம் வேலை செய்யலை, அதான் ஓட்டை." சொல்லி முடிப்பதற்குள் அழுகையே வந்துவிட்டது.

மேடம் பூட்டின் பக்கம் திரும்பினார்.

"நிஜமாம்மா?"

"ஒரு தடவை கீழ விழுந்துடுச்சு மேடம். இன்னொருத்தர் கை பட்டு முழுசாப் போயிட்டா அப்புறம் நோட்ஸ் போட முடியாதே. அதான் யார்கிட்டயும் தர்றதில்லை."

"சரி, அவங்க கேட்டப்போ தரலை. இன்னைக்கு நானே கேட்டேனே, எனக்கும் ஏன் தரமாட்டேன்னே?"

பூட்டு தலையைச் சொறிந்தாள்.

"ஓட்டையைப் பாத்தா லீடர் மாட்டிக்குவாளேன்னுதான் மேடம்."