நூறு ஸ்பூன்

ஞாயிறு காலையிலிருந்து நிர்மலுக்கு வாந்தி, பேதி. வயது இரண்டரை. திங்கள் மத்தியானம் நனைந்த துணி மாதிரி அம்மா தோளில் கிடந்தான். காலை ஆறு மணிக்குப் பிறகு மூத்திரம் போகவில்லை.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. அம்பத்தூரில் குழந்தைகளுக்கென்று இருக்கும் உலகநாதன் ஞாயிறன்றே பார்த்தார். சிடுமூஞ்சி. உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் இரண்டைக் கொடுத்து, தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக, விட்டு விட்டுக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதானா, ஊசி இல்லையா என்று கேட்ட அப்பனை முறைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்பன் ஸ்ரீராம். மேனாம்பேட்டில் ஃப்ளாட். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவே ஒரு டம்ளர் கரைத்து மொத்தமாகப் புகட்டினான். பையன் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தான். மூன்று தடவை இப்படி. பொடி இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்கில் போய் உட்கார்ந்தான்.

எதிர் ஃப்ளாட் நிஷாதான் சொன்னாள். இது தொக்கம், தின்றது எதுவோ வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆவடி சேக்காட்டில் ஞானம்மாள் என்று ஓர் அம்மா எடுத்துவிடுவாள் என்று.

ஸ்ரீராம் சிரித்தான். வயிற்றுக்குள் ஒட்டியதை வெளியிலிருந்து எடுக்கிற விஞ்ஞானத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னான். இது எந்த நூற்றாண்டு என்றும் விசாரித்தான்.

மனைவி தீபிகா வாக்குவாதத்துக்கு நிற்கவில்லை.

"ஆட்டோ கீழே நிக்குது. வர்றதா இருந்தா செருப்பை மாட்டுங்க."

ஞானம்மாள் வீட்டு வாசலில் ஏழெட்டுக் குழந்தைகள். ஸ்ரீராம் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டான். ஆபீஸ் ஆள் யாராவது பார்த்துத் தொலைத்தால்?

ஞானம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பையனின் கண்ணைப் பார்த்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். அழுதால் கண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். அப்புறம் வயிற்றை நீவி, ஏதோ முணுமுணுத்து, ஊதி, வெள்ளைத் துணியால் துடைத்து விரித்துக் காட்டினாள். விரல் நீளத்துக்கு ஒரு நூடுல்ஸ்.

"இன்னா நைனா, பச்சப் புள்ளைக்கு துன்றதுக்கு இதெல்லாமா குடுப்பே?"

சனிக்கிழமை கொடுத்ததுதான். ஸ்ரீராமின் நாலு வருஷ இன்ஜினீயரிங் அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டது.

உள்ளே போய் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாட்டில் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது.

"மந்திரிச்சு வச்சது. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு ஸ்பூனு. வாய்விட்டு எண்ணணும். நூறு. எண்ணிக்கை தப்பிச்சுன்னா மொதல்லேர்ந்து. கையில போனு இருந்தா சக்தி பூடும்."

இருட்டுவதற்குள் மூத்திரம் போகவில்லை என்றாலோ, பையன் இன்னும் துவண்டாலோ, அது அம்மன் உத்தரவு இல்லாத கேஸ், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது என்றும் சொல்லி அனுப்பினாள்.

ஸ்ரீராம் போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தான். பையனை மடியில் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணினான். இடையில் தீபிகா காபி வேண்டுமா என்று கேட்டதற்குக்கூட, எண்ணிக்கை தப்பிவிடும் என்று கையால் அடக்கினான்.

அறுபத்து மூன்றாவது ஸ்பூனில் பையன் அவன் மடியை நனைத்தான். ஸ்ரீராம் அவ்வளவு சந்தோஷமாக நனைந்ததே இல்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மீதி முப்பத்தேழையும் ஈரத்திலேயே எண்ணினான்.

வியாழக்கிழமை ஒரு கிலோ ஆப்பிளோடு நன்றி சொல்லப் போனான். இந்தத் தடவை மாஸ்க் இல்லை.

ஞானம்மாள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஸ்கூட்டர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அதிலிருந்து இறங்கிய ஆளை அந்த முறைப்பை வைத்தே அடையாளம் தெரிந்தது. டாக்டர் உலகநாதன்.

ஆள் வசமாக மாட்டிக்கொண்டார் என்று ஸ்ரீராமுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"என்ன டாக்டர், உங்க வீட்டுக் குழந்தைக்கும் தொக்கமா?"

டாக்டர் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கி ஞானம்மாளிடம் கொடுத்தார். பெட்டி நிறையப் பாக்கெட்டுகள். ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கொடுத்த அதே பொடி. ஞானம்மாளுக்குப் பின்னால் வேப்பிலை கட்டின பாட்டில்கள் வரிசையாக நின்றன.

ஸ்ரீராம் பாக்கெட்டைப் பார்த்தான். பாட்டில்களைப் பார்த்தான்.

"அப்ப அந்தத் தண்ணி..."

"இதேதான். நான் சொன்னப்ப டம்ளர்ல ஊத்துனீங்க. இந்தம்மா சொன்னதும் எண்ணி எண்ணிக் குடுத்தீங்க."

"நூடுல்ஸ்?"

"அது நம்ம கைவேல நைனா" என்றாள் ஞானம்மாள். "ஃப்ளாட்டுப் புள்ளைன்னா நூடுல்ஸு, குவார்ட்டர்ஸ் புள்ளைன்னா பரோட்டா. எதுனா ஒண்ணு கண்ணுல காட்டலன்னா தண்ணிய எவன் நம்புறான்?"

நீர் வற்றிக் கண் உள்ளே போன குழந்தை வந்தால் அவள் பாட்டிலையே எடுப்பதில்லை, அதே ஆட்டோவில் தன்னிடம் ஏற்றி அனுப்பிவிடுவாள் என்று டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறதாம்.

இது நாலு பேருக்குத் தெரிய வேண்டிய சேவை, இப்போதே எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன் என்று ஸ்ரீராம் போனை எடுத்தான்.

டாக்டர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். முறைப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"அய்யா, உங்களைக் கும்பிடறேன், வேண்டாம். அது மருந்துன்னு தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தன் எண்ணிக் குடுக்க மாட்டான்."