ஹெரால்டு விலைக்கு வருகிறது

வலியசாலையில் ஒரு பழைய ஹெரால்டு கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், சாலைப் பஜாரில் இருந்த இரும்புக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தான் செல்வகணேஷ். சின்ன வயதிலிருந்தே அந்தக் காரின் மேல் அவனுக்கு ஒரு கிறுக்கு.

ஷெட்டில் அவனுக்கு முன்பே ஒரு மாமி குனிந்து காரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் காருக்கா வந்தேள்?"

"ஆமா மாமி."

"என்னத்தை வாங்கறது! ஃப்ரேம் பூராத் துரு. பாருங்கோ." ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினாள். இரும்பு அப்பளமாய் உதிர்ந்தது.

நம்மை விரட்டிவிட்டுச் சல்லிசாகத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று நினைத்தான் அவன். தரையில் படுத்துப் பார்த்தான். துரு என்னவோ நிஜம்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"வெல்டிங் வச்சுக்கிடலாம் மாமி."

"நடு ரோட்டுல ரெண்டா உடைஞ்சா?"

அப்போது காரின் சொந்தக்காரர் பட்டாபி வெளியே வந்தார். "வண்டி பிடிச்சுதா சார்? வாலா, வந்தவருக்குக் காப்பி கொடுத்தியோ?" என்று மாமியைக் கேட்டார்.

செல்வகணேஷ் திகைத்துப்போய் மாமியைப் பார்த்தான். மாமி காரைப் பார்த்தாள். வீட்டுக்காரியே சொன்ன துரு விளையாட்டில்லை என்று பட்டது அவனுக்கு.

"எனக்கு வேண்டாம் சார். ஃப்ரேமைச் சரி பண்ணாம யாருக்கும் கொடுத்திராதீங்க, ஆபத்து" என்றான்.

பட்டாபி முகம் வாடி, வொர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ண உள்ளே போனார்.

"சொந்தக் காரையே இப்படிக் குத்தம் சொல்லலாமா மாமி?"

வாலாம்பாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் ஆபீஸ் போனப்புறம் தெருவுல ஓட்டிப் பழகிண்டிருக்கேன். நேத்திக்குத்தான் ரிவர்ஸே வந்தது!"