வெளிக்கொண்டி

"புருசனை வூட்டுக்குள்ள வெச்சிப் பூட்டிட்டு வந்துகீறா மாமா. என் கண்ணால பாத்தேன்" என்றான் நாகப்பன்.

அம்மன் கோயில் முன்னால் கூடியிருந்த தோணிரேவு ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் லோகநாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, நெசமா?" என்று கேட்டார் ஊர்ப் பெரியதனக்காரர் துளசிங்கம். அவர் மடியில் மண்பானை இருந்தது.

"நெசந்தான் மாமா."

"தாமோதரன் இன்னா ஆடா, மாடா?"

அவள் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை அம்மன் முன்னால் வருஷா வருஷம் சில்லு எடுத்து முடிவுசெய்வது அந்த ஊர் வழக்கம். அந்த இடத்துக்குப் பாடு என்று பேர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மரச்சில்லு பானையில் கிடக்கும். வீட்டு ஆம்பிளை வந்து குலுக்கி ஒன்றை எடுப்பான். கையில் வந்த பாடுதான் அந்த வருஷச் சோறு.

"போய் அவனை இட்டுனு வா. பொம்பளை கை பானையில படக்கூடாது."

"நான் கை வெக்க வரல மாமா. எல்லாரும் எடுத்தப்பறம் அடியில ஒரு சில்லு தங்குமில்ல, அதை எங்களுக்குக் குடுங்க. எந்தப் பாடா இருந்தாலும் சரி."

"கை வெக்காதவனுக்குப் பாடு கெடையாது. ஊர்க்கட்டு அது. பாடு இல்லாம வருசம் முச்சூடும் இன்னாத்தைத் துன்னுவீங்க?"

"அதான் மாமா உங்களாண்ட கேக்கறேன்."

தாமோதரன் கதை ஊருக்கே தெரியும். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை மதிலோரம் சிப்பாய்கள் கொட்டாங்கச்சியில் பகடை குலுக்குவார்கள். அங்கேதான் அவன் தோணியைத் தோற்றான். இவள் தாலிக்குண்டையும் தோற்றான். போன மாசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்கப் போனவன், வழியில் அங்கே உட்கார்ந்துவிட்டான். மருந்தோடுதான் திரும்பினான். அப்போது பிள்ளையைக் குழியில் வைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பாவி, அதற்குப் பிறகு அவன் மதில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதுவும் ஊருக்குத் தெரியும்.

"அதெல்லாம் வுட்டுட்டாம்மா அவன்" என்றார் துளசிங்கம். "திருந்தின ஆளை நீயே சந்தேகப்பட்டுக் கெடுக்காத."

"பயமா கீது மாமா. போன தபா இங்க நல்ல பாடு வந்திச்சி. கை ராசி வந்துடுச்சின்னு அன்னிக்கே கோட்டைக்கு ஓடிட்டாரு."

"அதுவும் இதுவும் ஒண்ணா? இது சாமி காரியம்மா."

"சாமிக்கு அது தெரியும் மாமா. அவுரு காதுக்குத் தெரியலியே. குலுக்கினா ரெண்டும் ஒரே சத்தந்தான்."

ஊர் ஆம்பிளைகளுக்குக் கோபம் வந்தால் முதலில் இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார்கள். பத்துப் பதினைந்து பேர் கட்டினார்கள்.

"புள்ளை போன ஆத்திரம் இன்னும் ஆறல இவளுக்கு" என்றான் நாகப்பன். "ஊர் முன்னால மானத்தை வாங்கிப் பழி தீத்துக்கறா."

லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் ஊர் திமிர் என்றே எடுத்துக்கொண்டது.

துளசிங்கம் எழுந்தார். "வாங்கடா. நாமளே போய்த் தொறந்து வுடுவோம். அவன் வூட்டு வாசல்லயே பானையை வெச்சி எடுக்கட்டும்."

பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் நடக்க, சில்லுகள் கடகடவென்று உருண்டன. லோகநாயகி பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, பானையை மட்டும் இங்கயே வெச்சிட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

உடைந்த தோணிப் பலகையில் செய்த கதவு. வெளியே கொண்டி மாட்டியிருந்தது. நாகப்பன் அதைக் கழற்றித் தள்ளினான். கதவு அசையவில்லை. தோள் கொடுத்து முட்டினான். அப்போதும் திறக்கவில்லை.

"உள்ளயும் தாப்பா போட்டுகீது மாமா" என்றான், குரல் இறங்கி.

"தள்ளாத நாகப்பா." உள்ளேயிருந்து தாமோதரன் பேசினான். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது, குரல் தாழ இருந்து வந்தது. "அவளைத் திட்டாதீங்க மாமா. பூட்டிட்டுப் போவச் சொன்னதே நான்தான்."

துளசிங்கம் லோகநாயகியைப் பார்த்தார். "இதை அங்கயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"இந்தப் பானைச் சத்தத்துக்கு அவுரு நடுங்கறதை அவ்ளோ பேரு முன்னால எப்டி மாமா சொல்வேன்? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறீங்க."

நாகப்பன் கதவிலிருந்து தோளை எடுத்துக்கொண்டு விலகி நின்றான்.

"மாமா, பானை இங்க கீதா?" என்று கேட்டான் தாமோதரன். "சத்தம் கேக்குது மாமா."

துளசிங்கம் தோள்துண்டை உருவிப் பானைக்குள் திணித்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"கடைசிச் சில்லு உன்னுதுடா. நீ கை வெக்க வேணாம். ஊர்க்கட்டை நான் பாத்துக்கறேன். தாப்பாளை எடுத்துட்டு வெளிய வா கண்ணு."

"வேணாம் மாமா. எல்லாரும் எடுத்து முடிக்கற வரைக்கும் அந்த வெளிக்கொண்டியைத் திரும்ப மாட்டிட்டுப் போங்க. உள்தாப்பா என் கைக்கு எட்டுது."