சுண்டிக்குளம் போன கூட்டாளிகள்

“டேய் வின்சன்ற்! என்னை ஆரெண்டு தெரியுதோ?”

படலையைத் திறந்துகொண்டு வந்தவர், பதிலுக்குக் காத்திராமல் வின்சன்றைக் கட்டிப்பிடித்தார். அவருக்குப் பின்னால் மனைவியும் மகளும் நின்றார்கள். வெளியே ஒழுங்கையில் ஒரு வாடகை வான் நின்றது.

வின்சன்ற் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“கேதீஸ்வரனடா! உடுப்பிட்டியிலை இருந்து வந்து பள்ளிக்கூடப் போடிங்கிலை நிண்டு படிச்ச கேதீஸ்! பத்தாம் வகுப்பிலை ஒரே வாங்கிலையெல்லோ இருந்தனாங்கள். லண்டனிலை இருந்து பிள்ளையின்ரை லீவுக்கு வந்தனாங்கள். குருநகரிலை வின்சன்ற் வீடு எது எண்டு கேட்டன், உடனே காட்டிச்சினம். தலைமயிர் கொட்டிப்போச்சு உனக்கு. ஆனா மூக்கு அப்பிடியே கிடக்கு!”

“வாங்கோ... உள்ளுக்கு வாங்கோ” என்றார் வின்சன்ற்.

“என்னடா ‘வாங்கோ’ போடுறாய்?” என்று கேதீஸ்வரன் அவருடைய முதுகில் தட்டினார்.

தேத்தண்ணி போடப்போன மக்டலீன், கணவரை மெல்லக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

“ஆரப்பா உது?”

“தெரியேல்லை.”

“கொஞ்சம்கூட?”

“கொஞ்சம்கூட.”

மக்டலீனின் முகம் வெளிறியது. போன வருசம் வின்சன்றுக்குப் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் தேறிவிட்டன. ஆனால் சில ஞாபகங்கள் போகலாம், அந்த மறதி நாளாக நாளாகக் கூடவும் செய்யலாம் என்று டொக்ரர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இந்த நாளுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“கலியாணத்துக்கு முந்தின கூட்டாளியளை எனக்கும் தெரியாது” என்று அவள் கிசுகிசுத்தாள். “மனுசன் எவ்வளவு ஆசையோடை வந்து நிக்குது. மறந்துபோனன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. எது கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ.”

சுண்டிக்குளத்தில் பறவைகள் சரணாலயம் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. நீங்களும் வரத்தான் வேண்டும் என்று கேதீஸ்வரன் விடாப்பிடியாக நின்றார். எல்லாரும் வானில் ஏறினார்கள்.

கொடிகாமம் தாண்டும்வரை கேதீஸ்வரன் வாய் மூடவில்லை.

“உன்ரை கொப்பரின்ரை வள்ளத்தைக் களவாய்க் கொண்டுபோனது ஞாபகமிருக்கே?”

“ஓம்.”

“பிறகு கொப்பர் பூவரசம் தடியாலை வெளுத்தாரே!”

“ஓம், ஓம்.”

வின்சன்ற் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா ஒருநாளும் கை நீட்டியதில்லை என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்? அப்படியென்றால் அப்பாவையும் மறந்தாயிற்றா? வழி முழுக்கத் தன் பழைய நாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எது நடந்தது, எது தானாக நினைத்துக்கொண்டது என்று அவருக்கு விளங்கவில்லை.

சுண்டிக்குளத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நின்றன. பூநாரைகள் எங்கே என்று மகள் கேட்டாள். மாரிக்குத்தான் கனக்க வரும் என்றார் அங்கே நின்ற காவலர். அவள் கமராவோடு கரை வழியே நடந்தாள்.

கேதீஸ்வரன் திடீரென்று வின்சன்றின் கையைப் பிடித்தார்.

“அண்டைக்கு வள்ளம் கவிண்டு நான் தண்ணிக்குள்ளை தாண்டுபோகேக்கை, தலைமயிரிலை பிடிச்சு இழுத்துக் கரை சேர்த்தது நீ. என்னை உயிரோடை வச்சது ஆரெண்டு இவையளுக்குக் காட்டத்தான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

“அண்ணை” என்றாள் அவருடைய மனைவி கஜந்தினி. “நீங்கள் இல்லாட்டி எனக்கு இவர் இல்லை. இந்தப் பிள்ளையும் இல்லை.” அவள் குனிந்து வின்சன்றின் காலைத் தொடப் போனாள்.

வின்சன்றால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சட்டென்று பின்வாங்கினார்.

“வேண்டாம் தங்கச்சி! எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. காலமை இருந்து பொய்தான் சொன்னனான். இவரின்ரை முகம்கூட எனக்கு ஞாபகம் வரேல்லை.” அவர் மணலில் குந்திவிட்டார். “ஒரு உயிரைக் காப்பாத்தினதையே மறந்துபோனன் மக்டலீன். நாளைக்கு உன்னையும் ஆரெண்டு கேப்பன்.”

மக்டலீன் அவருடைய தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். பாரிசவாதம் வந்த கதையை அவள் அழுதழுது சொல்ல, கேதீஸ்வரனின் கண்களும் கலங்கின.

“நான் ஞாபகப்படுத்துறன் மச்சான். பொறு, எங்கடை எமில்ராஜைக் காட்டுறன். அவனும் நீயும் நானும் ஒண்டாய்த் திரிஞ்சனாங்களெல்லோ. உன்ரை வீட்டுக்கு வழி சொன்னதும் அவன்தான், நான்தான் அதை மறந்து ஊராக்களிட்டைக் கேட்டனான். அவனைக் கண்டா எல்லாம் வரும்.”

பரிஸில் இருந்த எமில்ராஜுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தார். தொலைபேசியை வின்சன்றின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“எமில், ஆர் எண்டு பார்!”

திரையில் தெரிந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“ஆரடா உது?”

“எங்கடை வின்சன்றடா!”

“உனக்கென்ன விசரே? நேற்றும் வின்சன்றோடை கதைச்சனான், அவனை எனக்குத் தெரியாதோ? கோயிலுக்குக் கிழக்காலை உள்ள ஒழுங்கை எண்டெல்லோ சொன்னனான். நீ எந்த வின்சன்றைப் பிடிச்சுக்கொண்டு போனனி?”

கேதீஸ்வரன் திரையையும் வின்சன்றின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

வின்சன்ற் மெல்ல எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேதீஸ்வரனை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

“மக்டலீன், கேட்டியோ!” என்று கூழைக்கடாக்கள் கலைந்து பறக்கக் கத்தினார். “இந்த மனுசனை எனக்குத் தெரியவே தெரியாது!”